புகையாத தொட்டி

ஐப்பசி 18, செவ்வாய்

இன்று பச்சை.

சொல்வது நான், ஆறுக்குட்டி. எழுதுவது மைமூன், எங்கள் பாலிஷ் பட்டறையில் பில் போடுகிறவள். எனக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. ரூபாய் நோட்டைக்கூட நிறம் பார்த்துத்தான் பிரிப்பேன். அது தெரிந்துதான் மூச்சு டாக்டரம்மா எனக்கு நிறம் போட்ட ஊதுகுழாய் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் அதில் ஊத வேண்டும். உள்ளே ஒரு சின்ன முள் நகரும். பச்சையில் நின்றால் நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சள் என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். சிவப்பு என்றால் அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். நிறத்தையும், அன்றைக்கு எங்கே போனேன், என்ன செய்தேன் என்பதையும் தினமும் யாரிடமாவது சொல்லி எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

மைமூன் முதலிலேயே ஒரு பேச்சுப் பேசிக்கொண்டாள்.

"பெரியப்பா, நீங்க பேசறதை அப்படியே எழுதினா டாக்டரம்மாவுக்குப் பாதி புரியாதுங்க. நான் புஸ்தகத்துல வர்ற மாதிரி எழுதிக்கறேன்."

"எம் பேச்சை எப்படியோ எழுதிக்க. அடுத்தவங்க பேசுனதை மட்டும் பேசுனபடி எழுது. அதுல கை வெச்சீன்னா பொய்யாப் போயிரும்."

டாக்டரம்மா சொன்ன இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமயந்தி அப்போது கீழே மருந்துக் கடையில் நின்றிருந்தாள். தமயந்தி என் மருமகள். மகன் மஸ்கட்டில் இருக்கிறான். பட்டறையை நடத்துவது அவள்தான். அவள் இல்லாத நேரம் பார்த்து டாக்டரம்மா சொன்னார்: "அய்யா, உங்க நெஞ்சு ஆசிட் புகையிலயே வெந்து போயிருக்கு. இனிமே ஆசிட் இருக்கற எடத்துல நீங்க இருக்கக் கூடாது. ஒண்ணு அது போகணும், இல்லைன்னா நீங்க வீட்ல உக்காரணும்."

நான் வீட்டில் உட்கார மாட்டேன். வீட்டில் ஒரு கட்டிலும் ஒரு டிவியும் இருக்கின்றன. என் வீட்டுக்காரி வள்ளியாத்தா உயிரோடு இருந்தவரை அந்த டிவியோடு சண்டை போடுவாள். கேட்க நன்றாக இருக்கும். இப்போது அது தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

நல்ல வேளையாக ஆசிட்டே போகப் போகிறது. பால் பண்ணைகளுக்குக் குழாய் செய்கிற கம்பெனி ஒன்று எங்களிடம் எல்போ மினுக்கக் கொடுக்கிறது. எல்போ என்றால் குழாய் திரும்புகிற இடத்தில் வைக்கிற வளைவு. ஆசிட்டில் மினுக்கிய சாமான் இனி வேண்டாம் என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். வேறொரு திரவத்தில் மினுக்கி, கார்த்திகை தீபத்துக்கு முன்னால் காட்ட வேண்டும். தேறினால் ஆசிட் பட்டறையை விட்டுப் போகும். தேறாவிட்டால் அந்த ஆர்டர் போகும். மற்ற சாமானுக்குப் பழையபடி ஆசிட் தொட்டிக்கு வரும். நான் கட்டிலுக்குப் போக வேண்டியதுதான்.

அதனால் தேற வேண்டும். டாக்டரம்மா சொன்னதைத் தமயந்தியிடம் நான் சொல்லவில்லை. மைமூனும் சொல்லக் கூடாது.

டாக்டரம்மா என் முன்பற்கள் போனதையும் ஆசிட் கணக்கில் எழுதிக்கொண்டார். அது தவறு. அவை கரும்பு தின்று போனவை.

"ஆசிட் பட்டறைக்காரங்க அத்தனை பேருமா பெரியப்பா கரும்பு தின்னாங்க?" என்கிறாள் மைமூன். இதையும் எழுதிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது.

ஐப்பசி 19, புதன்

பச்சை. பட்டறைக்கு நடந்தே போனேன். வழியில் டயர் கடையில் கொஞ்சம் உட்கார்ந்தேன். டயர் கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். நான் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி 21, வெள்ளி

பச்சை.

தொட்டியிலிருந்த ஆசிட்டையெல்லாம் கேனில் பிடித்து, இறுக மூடி, பின்கொட்டகையில் வைத்துப் பூட்டியாயிற்று. தொட்டியைக் கழுவிக் காயவைத்தோம். மற்ற வேலைகளைத் தமயந்தி பக்கத்துப் பட்டறைக்குத் தள்ளிவிட்டாள். பட்டறையே கல்யாணம் முடிந்த மண்டபம்போல இருக்கிறது.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து சொக்கலிங்கம் வந்தார். மின்சாரத்தால் உலோகத்தை மினுக்குவதைப் பற்றியே படித்தவர். வயது முப்பத்தைந்து இருக்கலாம். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டியைக் கும்பிட்டார். அங்கேயே எனக்குப் பிடித்துவிட்டது.

எங்கள் வேலை தேய்த்து மினுக்குவதல்ல. எவர்சில்வர் சாமானை ஒரு கம்பியில் மாட்டித் தொட்டியில் முக்கி, கரண்ட் கொடுப்போம். மேடாக நிற்கிற இடத்தையெல்லாம் கரண்ட் தின்றுவிடும். சாமான் சமமாகி முகம் காட்டும். கரண்ட் ஓடுவதற்குத் தொட்டியில் ஏதாவது திரவம் வேண்டுமல்லவா, அதுதான் இத்தனை காலமும் ஆசிட். இப்போது வருவது வேறு.

"இதுக்குப் பேரு அயனித் திரவம்ங்கய்யா. முழுக்க உப்புதான். ஆனா கட்டியா நிக்காம எண்ணெய் மாதிரி ஓடும்" என்றார் சொக்கலிங்கம்.

"அடுப்பு இல்லாம உப்பு எப்படிங்க உருகும்?"

"ஒரு உப்புப் பொடி இருக்கு. கோலின் குளோரைடுன்னு பேரு. அதோட ரேடியேட்டர் கூலண்டுக்குப் போடுற கிளைக்கால் இருக்கு பாருங்க, அதைச் சேர்த்து லேசாச் சூடு காட்டினாப் போதும். ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்து இளகிடும்."

"கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் மைமூன்.

"கல்யாணத்துல யாருடி ரெண்டு பேரும் இளகறாங்க? ஒருத்தர்தான் இளகறது" என்றாள் தமயந்தி. மஸ்கட்டில் இருக்கிற என் மகனுக்கு அந்நேரம் புரையேறியிருக்கும்.

பிர்ஜு கேட்டான். அவன் பீகார்க்காரன், கம்பியில் சாமான் மாட்டுகிறவன். "புகை வராதா சார்?"

"வராது. அதுக்காக இது பால் இல்லப்பா. குடிச்சா சிறுநீரகம் போயிடும். நாக்குல வெச்சுப் பார்க்காதீங்க. விஷம்தான். ஆனா தொட்டிக்குள்ளேயே கிடக்கிற விஷம். மேலே கிளம்பி மூக்குக்குள்ள வராது."

நான் இதைக் கேட்டுக்கொண்டு ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். மூட்டையை எண்ண வேண்டியிருந்தது, அதனால்தான் உட்கார்ந்தேன்.

புதுத் தண்ணீர் எப்போது ஊற்றுவோம் என்று கேட்டேன். சொக்கலிங்கத்துக்கு முகம் மாறிவிட்டது.

"அய்யா, தண்ணின்னு மட்டும் வாய்ல சொல்லாதீங்க. தண்ணிதான் இதுக்கு எதிரி. உள்ள தண்ணி சேர்ந்துச்சுன்னா மினுக்கு மங்கிப் போகும். கூரை ஒழுகாமப் பார்த்துக்கணும். சாமானைத் துடைச்சுக் காயவெச்சுத்தான் இறக்கணும்."

சரி, எண்ணெய் என்றே சொல்வோம் என்று முடிவாயிற்று. கூரையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசி 24, திங்கள்

பச்சை. இன்று நடந்ததைச் சொன்னால் டாக்டரம்மா சிரிப்பார்.

தமயந்தி பல்லடத்துக்காரி. அவளுடைய அண்ணன் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். அந்தப் பொடியின் பெயரைச் சொக்கலிங்கம் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனதும், பெயரைப் படித்துவிட்டு இவள் துள்ளினாள்.

"அட மாமா, இது எங்கண்ணன் கோழித் தீவனத்துல கலக்கறதுங்க! நான் சின்னதுல மூட்டை மூட்டையாப் பாத்திருக்கறன். இதைப் போயா தேடிட்டிருக்கறோம்?"

காலையில் பல்லடத்திலிருந்து வண்டியில் மூட்டை வந்து இறங்கியது. அவள் அண்ணனின் அன்பளிப்பு. பிரித்தால் தவிட்டு நிறத்தில் பொடி. வாடை எப்படி என்று கேட்காதீர்கள். எனக்கு மூக்கு வேலை செய்வதை நிறுத்தி வெகுகாலமாயிற்று. மைமூன் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கிளைக்காலை ஊற்றிச் சூடு காட்டிக் கலக்கினோம். இளகவில்லை. கலக்கக் கலக்க ராகிக்களி மாதிரி இறுகியது. துடுப்பு நட்டுக்கொண்டு நின்றது.

பிர்ஜு ஒரு எல்போவை அதில் செருகிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தாத்தா, நாளைக்கு இது முட்டை போடும்."

தமயந்தி சொக்கலிங்கத்துக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"அக்கா, அது மக்காச்சோளச் சக்கையைப் பொடிச்சு, அதுல இந்த உப்பை ஊறவெச்சு விக்கிறதுக்கா. கோழிக்கு அது போதும். நமக்குச் சுத்தமான வெள்ளைப் பொடி வேணும். நானே வாங்கி அனுப்புறேன்."

தமயந்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரித்தா என்று தெரியவில்லை. பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிக் களியை வழிக்க ஆரம்பித்தாள். நானும் ஒரு சட்டியை எடுத்தேன். "நீங்க அக்கட்ட போய் உக்காருங்க மாமா" என்றாள். எப்போதும் அப்படித்தான் சொல்கிறாள், இப்போதெல்லாம்.

ஐப்பசி 25, செவ்வாய்

பச்சை. இன்னும் களி வழிக்கிறோம்.

ஐப்பசி 28, வெள்ளி

பச்சை.

வெள்ளைப் பொடி நேற்று வந்தது. கல்கண்டைத் தட்டியதுபோலப் பளிச்சென்று. இன்று சொக்கலிங்கம் பக்கத்தில் நின்று கலக்கச் சொன்னார். முதலில் பொரிமாவு மாதிரி நின்றது. சூடு ஏற ஏற ஓரத்தில் கண்ணாடிபோல உருகி, அப்புறம் மொத்தமும் தெளிந்து எண்ணெயாகிவிட்டது. பிர்ஜு கை தட்டினான்.

எல்போவை மாட்டி இறக்கினோம். உள்பக்கம் மினுங்க வேண்டும், அதனால் வளைவுக்குள் ஒரு கம்பியை நுழைத்துவிடுவோம். கரண்ட் அதைப் பார்த்து ஓடும். ஸ்விட்சைப் போட்டார் சொக்கலிங்கம். நான் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஆசிட்டில் ஸ்விட்சைப் போட்டதும் நுரைத்துப் பொங்கும். புகை முகத்துக்கு வரும். அந்த முதல் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதில் ஒன்றும் வரவில்லை. எண்ணெய் சும்மா கிடந்தது. நான் பிடித்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டேன். விட்டதும் இருமல் வந்தது. அது வேறு, காலையில் சாப்பிட்ட இட்லிப்பொடி.

எல்போ வெளியே வந்தது. தண்ணீரில் அலசியதும் மினுங்கியது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். தடங்கல் இல்லை. தமயந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிங் மாமா?"

"தேறும்" என்றேன்.

கம்பெனிக்காரர் கார்த்திகை பாதியில் வருகிறார். அதற்குள் வரிசையாக இதே மாதிரி செய்து வைக்க வேண்டும்.

சாயங்காலம் தமயந்தி தொட்டிக்கு மூடி போட்டுவிட்டு மைமூனோடு வண்டியில் கிளம்பினாள். பட்டறையைப் பூட்டுவது எப்போதும் நான்தான். பூட்டுவதற்கு முன் மூடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். இளசுகளுக்கு இது தெரியாது. சிங்காநல்லூரில் நான் முதலில் சேர்ந்த பட்டறையில் சின்னையன் என்று ஒருத்தன் இருந்தான். ஒரு நாள் வேலை முடிந்து தொட்டியை மூடிவிட்டுப் போய்விட்டான். உள்ளே கேஸ் சேர்ந்துவிட்டது. மறுநாள் ஆடி வெள்ளி. அவன் பச்சைச் சட்டை போட்டிருந்தான், மத்தியானத்துக்குக் கொள்ளுப் பருப்பு கொண்டுவந்திருந்தான். ஸ்விட்சைத் தொட்டான், மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அதன்பிறகு சின்னையனுக்குப் புருவம் முளைக்கவே இல்லை. அன்றிலிருந்து நான் எந்தத் தொட்டியையும் மூடி வைத்துவிட்டுப் போனதில்லை. தொட்டிக்கும் மூச்சு வேண்டும். காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் மூடியை எடுத்த இடத்தில் வைத்துவிடுவேன். சொன்னால் பயப்படுவார்கள், எதற்கு?

கார்த்திகை 2, செவ்வாய்

பச்சை. விடாத மழை.

நேற்று எடுத்த எல்போ கொஞ்சம் மங்கல். இன்று எடுத்தது இன்னும் மங்கல். கண்ணாடியில் யாரோ ஊதிவிட்டதுபோல இருக்கிறது. தமயந்தி துணியால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள். துடைத்தால் போகிற மங்கல் அல்ல அது.

கூரையைத் தகடு தகடாகப் பார்த்தேன். ஏணியில் பாதி வரைக்கும் ஏறினேன். அதற்கு மேல் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. மார்தட்டிச் சொல்வேன்.

கார்த்திகை 4, வியாழன்

பச்சை.

சொக்கலிங்கம் மறுபடி பஸ் ஏறி வந்தார். எண்ணெயைக் கொஞ்சம் சீசாவில் எடுத்து, எங்கேயோ கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு மத்தியானம் திரும்பினார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடவில்லை.

"தண்ணி சேர்ந்திருக்குக்கா. கொஞ்சநஞ்சமில்லை. எங்கிருந்தோ தினமும் வருது."

"கூரை ஒழுகலீங்க" என்றேன்.

"அப்போ சாமான்ல ஒட்டிக்கிட்டு வருதா?"

எல்லோரும் பிர்ஜுவைப் பார்த்தோம். கழுவின எல்போவைத் துடைத்து இறக்குகிறவன் அவன்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டா, ஈரத்தோட இறக்குனியா? சொன்னாங்கல்லொ?" என்று கத்தினேன்.

"துடைச்சேன் தாத்தா. உள்ள துணி விட்டுத் துடைச்சேன். வெயில் இல்லே, அதனால ஃபேன்ல வெச்சேன்."

"ஃபேன்ல வெச்சானாம் ஃபேன்ல. ஊர் குடியைக் கெடுக்கறதுக்குன்னு வந்து சேந்திருக்கறான் பாரு."

பிர்ஜு கையில் இருந்த துணியை நாலாக மடித்துப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வெளியே போய் மழையில் நின்றான். மைமூன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது.

தமயந்தி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வாரம் பாக்கறன். சரியா வல்லீன்னா பழைய கேனைத் தொறக்க வேண்டீதுதான்" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

கேனைத் திறக்க விடமாட்டேன். எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று நான் கண்டுபிடிப்பேன். ஐம்பது வருஷமாகத் தொட்டிகளோடு இருந்தவன் நான். என்னிடமிருந்து எந்தத் தொட்டியும் ஒன்றை மறைத்ததில்லை.

கார்த்திகை 6, சனி

பச்சை. மழை அதிகம், அதனால் நேற்று மத்தியானமே சாவியைத் தமயந்தியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், இன்று பட்டறைக்குப் போகவில்லை. மைமூன் வீட்டுக்கு வந்து எழுதுகிறாள்.

"பெரியப்பா, வெளிய வெயிலடிக்குதுங்க."

"மழைன்னு எழுது."

தமயந்தி எங்கிருந்தோ ஆவி பிடிக்கிற மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூக்கில் மூடியை மாட்டிவிட்டாள். ஜலதோஷத்துக்காம். டிவி பேசிக்கொண்டிருக்கிறது. ஒருத்தி கத்தரிக்காயை எப்படி நறுக்குவது என்று சொல்லிக்கொடுக்கிறாள். இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, வீட்டில் இருந்தால்.

கார்த்திகை 8, திங்கள்

பச்சை. பட்டறைக்குப் போனேன். தமயந்தி வண்டியில் கூட்டிப்போனாள்.

எண்ணெயில் சேர்க்க வெள்ளைப் பொடியை நிறுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தகட்டின் மேல் சிந்தியது. பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். டீ வந்தது. பிர்ஜு என்னிடம் மட்டும் டம்ளரை நீட்டாமல் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனான். எடுத்துக் குடித்தேன்.

டம்ளரை வைக்கும்போது தகட்டைப் பார்த்தேன். பொடி பிசுபிசுத்துப் போயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரத்தில் இருந்தது கரைந்தது. அப்புறம் நடுவில் இருந்ததும் கரைந்தது. யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. கூரையும் ஒழுகவில்லை. தகட்டின் மேல் ஒரு சின்னக் குட்டை நின்றது.

"அம்மிணி, இதுல யாரு தண்ணி ஊத்துனா?"

"யாரும் ஊத்துலீங் மாமா. காத்துல இருக்கற ஈரத்தை அதுவே இழுத்துக்கும். அதுக்குத்தான் பையை இறுகக் கட்டி வெக்கச் சொன்னாங்க."

"பையிலிருக்கற பொடி இழுக்குஞ்செரி. தொட்டியில எண்ணெயாப் போன பொறகும் இழுக்குமா?"

"இழுக்குமுங்க. அதனாலதானுங் நான் தினமும் மூடி போட்டுட்டுப் போறன்."

நான் குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை கொட்டியது. கதவு வழியாக ஈரக் காற்று தொட்டிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. காற்றுக்கு நிறமிருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன்.

மைமூன் என்னவென்று கேட்கிறாள். ஒன்றுமில்லை. நாளைக்குச் சொல்கிறேன்.

கார்த்திகை 9, செவ்வாய்

பச்சை.

சொல்லிவிட்டேன். எல்லோரும் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும் என்று பிர்ஜு வரும்வரை காத்திருந்தேன். முதலில் அவனைக் கூப்பிட்டேன்.

"பிர்ஜு, நீ ஈரத்தோட இறக்குலே. தண்ணி விட்டது நானு."

தமயந்தி தராசை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நடந்ததைச் சொன்னேன்: மூடியை எடுத்துவைத்தது, காலையில் திரும்ப வைத்தது, சின்னையன், கொள்ளுப் பருப்பு, புருவம், எல்லாம். இரவெல்லாம் அந்தத் தொட்டி மழைக்காற்றைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மூச்சு விடட்டும் என்று நான் திறந்து வைத்தால், அது இழுக்க மட்டும்தான் செய்திருக்கிறது.

முதலில் பிர்ஜுதான் கேட்டான்.

"தாத்தா, அந்த ஆளுக்குப் புருவம் வரவே இல்லையா?"

"வல்லே. மை தீட்டிக்குவான்."

பிர்ஜு சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் அவன் டீயைக் கையிலேயே கொடுத்தான்.

தமயந்தி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தேவலாம் என்று இருந்தது. போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள். அவள் பேசியது எனக்குக் கேட்டது.

"சொக்கு, தண்ணி எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சு போச்சு. மூடியைத் தொறந்து வெச்சுட்டோம். ஆமா, நாங்கதான், தெரியாம... இதைக் காயவெக்க முடியுமா? புதுசாக் கலக்க நேரமில்லை."

முடியுமாம். நன்றாகச் சூடாக்கி வைத்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், எண்ணெய் தங்கிவிடும். சூடு காட்டும்போது மட்டும் காற்று இழுக்கிற ஃபேனைப் போட்டுவிட்டு எல்லோரும் தள்ளி இருக்க வேண்டும். என்னை வாசல் பக்கம் மைமூன் மேஜைக்கு அருகில் உட்காரவைத்தார்கள். மேஜையிலிருந்து தொட்டி தெரியாது. அடிக்கடி எழுந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தமயந்தி, "மாமா" என்றாள். அவ்வளவுதான்.

கார்த்திகை 10, புதன்

பச்சை. காய்கிறது.

கார்த்திகை 12, வெள்ளி

பச்சை.

முதல் எல்போவை பிர்ஜு இறக்கினான். துணி விட்டு, ஃபேனில் வைத்து, மறுபடி துணி விட்டு. ஸ்விட்சைத் தமயந்தி போட்டாள். மூச்சைப் பிடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பிடித்துவிட்டேன்.

வெளியே வந்தது. அலசினார்கள். என்னிடம் கொடுத்தார்கள். வளைவுக்குள் பார்த்தேன். உள்ளே ஒரு கிழவன் தெரிந்தான். முன்பல்லில்லாத வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

"மாமா, சொல்லுங்க."

"மாட்டு, அடுத்ததை."

அதுதான் நான் சொன்னது. இருட்டுகிற வரைக்கும் மாட்டிக்கொண்டே இருந்தோம். சாயங்காலம் மூடி போட்டது நான். தமயந்தி பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை, சும்மாதான் நின்றாள்.

கார்த்திகை 15, திங்கள்

பச்சை.

பால் குழாய்க் கம்பெனி வரதராஜுலு வந்தார். நல்ல உயரம். எல்போவை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தார். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. சின்ன விளக்கை உள்ளே விட்டுக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். மங்கிப்போன பழைய எல்போ ஒன்றையும் தமயந்தி மறைக்காமல் பக்கத்தில் வைத்திருந்தாள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதுல பால் ஒட்டாதுங்க. எடுத்துக்கறோம். தையிலிருந்து முழு ஆர்டரும் இங்கதான்."

பிர்ஜு விசிலடித்தான். மைமூன் அவனை அடக்கினாள், ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். தமயந்தி டீ சொல்ல வெளியே போனாள். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பெரியவரே, நீங்கதான் மாமனாருங்களா?"

"ஆமாங்க. உங்க கம்பெனி நல்ல காரியம் பண்ணுச்சுங்க. ஆசிட் வேண்டாம்னு நீங்க சொன்னதாலதான் நாங்க இதுல எறங்குனோம்."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"நாங்க எங்கீங்க சொன்னோம்? ஆசிட்டோ எண்ணெயோ, எங்களுக்கு மினுக்கு வந்தாச் செரி. உங்க மருமகதானுங்க ஆவணி மாசம் ஆபீசுக்கே வந்துச்சு. 'எங்க மாமாவுக்கு ஆசிட் ஆகறதில்லீங்க. பட்டறையை விட்டு நில்லுங்கன்னாலும் அவரு நிக்க மாட்டாரு. ஆசிட்டைத்தான் மாத்தோணும். மாத்திக் காட்டற வரைக்கும் ஆர்டரை வேற யாருக்கும் குடுத்தறாதீங்க'ன்னுச்சு. நானு ஆகாதுன்னுதான் நெனச்சேன்."

டீ வந்தது. குடித்தோம். சர்க்கரை சரியாக இருந்தது.

நான் ஊதுகுழாய் வாங்கியது ஐப்பசியில். ஆவணியில் நான் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை. ஆவணியில் என்ன நடந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு நாள் டயர் கடை வாசலில், கிடந்த டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தேன். தமயந்தி வண்டியில் அந்தப் பக்கம் வந்தாள். நிறுத்தினாள். இஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாப்புட வாங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் டயர் கடையில் ஒரு ஸ்டூல் இருக்கிறது.

இன்றைக்கு இவ்வளவு போதும்.

கார்த்திகை 16, செவ்வாய்

காலையில் பழைய ஆசிட்டை வாங்குகிறவர்கள் வந்து பின்கொட்டகைக் கேன்களை லாரியில் ஏற்றிப் போனார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். லாரி திரும்பியதும் கொட்டகையைத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். இங்கே தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் விடலாம்.

மைமூன் வழக்கம்போலத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, "பச்சைதானுங்களே பெரியப்பா?" என்று பேனாவைத் திறந்தாள். தமயந்தி எதிரில் எல்போவைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலேயே பையிலிருந்து என் ஊதுகுழாயை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இன்னைக்கு அவசரத்துல ஊதாம வந்துட்டீங் மாமா. எடுத்துட்டு வந்தன்."

"இன்னைக்கு ஊதுலேன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"முள்ளு நேத்து நின்ன எடத்துலயே நின்னுட்டிருந்துச்சு."

"அது நிக்குமா?"

"நிக்குமுங்க. ஊதி முடிச்சதும் அதுவா எறங்காது. மக்யா நாளு காலைல நீங்க தட்டி எறக்குனாத்தான் எறங்கும். தினமும் அலமாரியில வெச்சுட்டுப் பல்லு வெளக்கப் போவீங்க. நான் பாத்துக்குவன்."

பிறகு கடைசி எல்போவையும் சுற்றிமுடித்து, நூலால் கட்டி, பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"அந்தச் சனிக்கெழமையும் பாத்தியா?"

"பாத்துட்டுத்தானுங் மெஷினு வாங்கப் போனன்."

மைமூன் தலையைத் தூக்கவில்லை. எழுதிக்கொண்டே இருக்கிறாள். நான் அவளிடம், முன்னால் எழுதின பச்சையையெல்லாம் அடித்துவிடு என்றேன்.

"அடிக்க மாட்டனுங்க. நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கறேன். டாக்டரம்மாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க. இன்னைக்கு என்னன்னு சொல்லுங்க."

குழாயைத் தட்டி முள்ளை இறக்கினேன். எழுந்து நின்றேன். நிமிர்ந்து மூச்சை இழுத்தேன். பட்டறைக் காற்று உள்ளே போனது. அதில் ஒன்றும் எரியவில்லை. இருவர் முன்னாலும், இருந்த மட்டும் ஊதினேன். பிர்ஜுவும் வந்து எட்டிப் பார்த்தான். முள் ஓடி ஒரு இடத்தில் நின்றது. நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

நாளைக்குத் தீபம், பட்டறை விடுமுறை. இன்று சாயங்காலம் தொட்டியை மூடிவிட்டு, மூடி நான்கு பக்கமும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவேன். போகிற வழியில் டயர் கடையில் உட்கார்வேன். மூச்சு வாங்கும், அதனால் உட்கார்வேன். நாளை மறுநாள் காலையில் பட்டறையைத் திறப்பதும் நான்தான்.

நிறத்தை எழுது மைமூன். மஞ்சள்.